பேர் போட்டே எழுதுங்க

கொழும்புப் பத்திரிகையொன்றின் பெண்கள் பக்கம் பவளராணியின் கைக்கு வந்தபோது, கொடுத்தவர்கள் அவளிடம் எதிர்பார்த்தது கத்தரிக்காய்ப் பிரட்டலையும் முகப்பருவுக்கு மஞ்சளையும்தான். கொஞ்ச காலம் அவளும் அதையே கொடுத்தாள். கண்டி கட்டுக்கலையில், நகரசபையில் வேலை பார்த்த தம்பி சண்முகநாதனின் வீட்டு முன்னறையில் இருந்து எழுதி, ரயிலில் கொழும்புக்கு அனுப்பிவிடுவாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குக் கீழே, பெரிய வீடொன்றில் வேலைக்கு நின்ற தேயிலைத் தோட்டத்துச் சிறுமி வெந்த கையோடு தப்பி ஓடிவந்த செய்தி இருந்தது. ஆசிரியர் பெரியதம்பி அதை அச்சான பிறகுதான் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் உடனே தொலைபேசியைத் தூக்கிவிடுவார்.

“இதென்ன தங்கச்சி, சமையல் பக்கத்திலை அழுகை?”

“சமைக்கிறது யாருன்னு எழுதினேன் சேர்,” என்றாள் பவளம்.

“ஓம், சரி, எழுதும். ஊறுகாயையும் விட்டிடாதையும்,” என்று வைத்துவிட்டார்.

அன்று தொடங்கியதுதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் முதுகெலும்பு முறிந்து திரும்பியவர்கள், பிரசவத்துக்குக் கொழுந்து லொறியில் போய் வழியிலேயே செத்தவர்கள், கட்டிய புருஷன் பல்லை உடைத்ததை வழுக்கி விழுந்தேன் என்று சொல்லித் திரிந்தவர்கள் என்று அந்தப் பக்கம் நிறைந்தது. கல்யாணப் பேச்சு இரண்டொன்று வந்தது. வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கோயிலில் அவளைக் கண்டால் சில பெரிய மனிதர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். நகரசபையில் குப்பை வண்டி தள்ளியவரின் மகள் அவள்; அந்தப் பார்வை சின்ன வயதிலேயே பழகிப் போயிருந்தது.

தோட்டங்களைக் கம்பனிகள் எடுத்துக்கொண்ட வருஷம், கம்பளைக்கு மேலே கருமலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அதை மூடினால் பச்சைப் பிள்ளைகளை எங்கே போடுவார்கள்? நியாயமான கேள்விதானே. அதை எழுதத்தான் பவளம் மலை ஏறினாள்.

போய்ப் பார்த்தால், காம்பராவில் பிள்ளைகளே இல்லை. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் சுருண்டு தொங்கின. ஒரு மூலையில் இரண்டு குழந்தைகள் ஒரு டின் மூடியை உருட்டிக்கொண்டிருந்தன. பிள்ளை பார்க்கிற பேச்சியம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“மூடத்தான் செய்வாங்க மிஸ்,” என்றாள். “புள்ளை இருந்தாத்தானே காம்பரா. முந்தி இங்க நிக்க இடம் இருக்காது. ஒண்ணு அழுதா எல்லாம் அழும். இப்ப மூணு நாலு வருசமா இந்தப் பிரிவுல யாரும் முழுகாம இருக்கிறதே இல்ல. ஒண்ணு பெத்தா அதோட நின்னு போகுது. மாரியாத்தா கோவம்னு சொல்றாங்க. போன ஆடியில கெடா வெட்டினோம்.”

“எல்லாருக்குமா?”

“கீழ்ப்பிரிவுல இல்ல. அவங்க கம்பளைக்குப் போயிப் பெத்துக்குவாங்க. நாங்க இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போறது.”

பவளம் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களில் ரத்தினம்மா என்றொருத்தி இருந்தாள். முப்பதைத் தொட்டவள், எலும்பும் தோலுமாக. பிள்ளை இல்லாதவளுக்குக் காம்பராவில் வேலையில்லை; ஆனாலும் தினம் வந்து அந்த இரண்டு குழந்தைகளையும் தூக்கி வைத்துக்கொண்டுதான் சோறு தின்பாளாம். ஒரே ஒரு ஆண்பிள்ளை பெற்றாள். அதுவும் வயிற்றைக் கீறி எடுத்தது. நடக்கத் தொடங்கிய நேரத்தில் வயிற்றோட்டத்தில் போய்விட்டது.

“அதுக்குப் பிறகு இல்லைங்களா?”

“இல்லைங்க மிஸ். கதிர்காமத்துக்கு நடந்து போயிட்டு வந்தோம், நானும் அவரும். மடு மாதாவுக்கும் நேந்திருக்கேன், சண்டை முடிஞ்சா போகணும்.” மடியிலிருந்த குழந்தைக்கு ஒரு கவளம் ஊட்டினாள். “சாமி எப்ப கண்ணைத் திறக்குமோ.”

 பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது பவளத்தின் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அது தப்பாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள்.

மடவளையில் சித்தி றலியா என்ற பெயரில் ஓய்வுபெற்ற முஸ்லிம் தாதி ஒருவர் இருந்தார். பவளம் முன்பு ஒரு கட்டுரைக்காகப் பேசியதிலிருந்து பழக்கம்; தாதிமாரைக் கூப்பிடுகிற வழக்கப்படி ‘மிஸ்ஸி’ என்பாள். கருமலைப் பெண்கள் போகிற அந்த ஆஸ்பத்திரியில்தான் அவர் கடைசியாக வேலை செய்தது. பள்ளிவாசலுக்குப் பின்புறத்து ஒழுங்கையில் அவர் வீடு. பவளம் கேள்வியை முடிக்கும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் மருமகள் குசினியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

“பெரிய டொக்டருக்கு மேலால நெருக்கல் ஈந்திச்சி மகள். குடும்பக் கட்டுப்பாடு இத்தின பேருக்குச் செஞ்சம் எண்டு காட்டோணும். ஊர்ப் பொம்புளைகள் வர மாட்டாங்க, கேள்வி கேப்பாங்க. தோட்டத்து ஆக்கள் கேக்கவா போறாங்க? புள்ளை பெற வந்தா, அதோட அதையும் செஞ்சி அனுப்புற. சிலவங்களுக்கு அடுத்த நாள் தொப்புளுக்குக் கீழ சின்னதா ஒரு வெட்டு. வயித்தக் கழுவுற எண்டு செல்லுவாங்க.”

“முதல் பிள்ளைக்கே?”

“பாக்கல்ல மகள். ஆருக்கு எத்தின எண்டு பாக்கல்ல.”

“மிஸ்ஸி, நீங்க அங்க நின்னீங்களா?”

சித்தி றலியா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். “நிண்டன்,” என்றார்.

கருக்குழாயைக் கட்டியதை அவிழ்க்க முடியுமா என்று பவளம் கண்டியில் தெரிந்த பெண் டொக்டர் ஒருவரிடம் விசாரித்தாள். வெட்டிக் கட்டியிருந்தால், அதுவும் இத்தனை வருஷம் கழித்து, நம்பிக்கை சொல்ல முடியாது என்றார் அவர். அதன் பிறகு சில நாட்கள் பவளம் எதுவும் எழுதவில்லை. ரத்தினம்மாவிடம் சொல்வதா, விடுவதா? சொல்லாமல் எழுதினால், தன் வயிற்றின் சங்கதியை அவள் பேப்பரில் அடுத்தவர் வாசிக்கக் கேட்பாள். எழுதாமலே விட்டால் அடுத்த ஆடிக்கும் கிடா வெட்டுவார்கள். யோசித்து யோசித்து, கடைசியில் மறுபடியும் கம்பளை பஸ் ஏறினாள்.

ரத்தினம்மா பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து குழாய் வழியே கொட்டுகிற தண்ணீரின் இரைச்சலில் மற்றவர் காதில் விழாது என்று பவளத்துக்கு அது ஒரு ஆறுதல். பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. நேராகச் சொன்னாள்.

ரத்தினம்மா கையிலிருந்த சேலையை முறுக்கிப் பிழிந்தாள். உதறினாள். திரும்பவும் முறுக்கினாள், தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“கட்டிட்டாங்களா?”

“ஆமா.”

“அவுக்க முடியாதா மிஸ்?”

“கேட்டுப் பாத்தேன் ரத்தினம்மா. முடியாதுன்னுதான் சொல்றாங்க.”

“புள்ளை செத்த பிறகு அந்த டொக்டருகிட்டயே போனேன். ஏன் இன்னும் தங்க மாட்டேங்குதுன்னு கேட்டேன். உடம்புல சத்தில்ல, மருந்து குடின்னு ஒரு போத்தல் குடுத்தாரு. நானும் குடிச்சேனே. போத்தல் முடிய முடியப் போயி வாங்கிட்டு வந்து குடிச்சேனே...”

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, ஈரச் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பவளம் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் வைத்த கையை ரத்தினம்மா தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருக்கும் சொல்லிராதீங்க மிஸ்,” என்றாள் போகும்போது.

ஆனால் சொன்னது அவளேதான். அடுத்த கிழமை புருஷன் வீரையாவோடு கட்டுக்கலைக்கு வந்து கதவைத் தட்டினாள். தைப்பொங்கலுக்கு எடுத்த சேலை கட்டியிருந்தாள். வீரையா கதிரையின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

“எங்கம்மா இவளை மலடின்னு ஏசாத நாள் இல்லைங்க,” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “நானும் குடிச்சிட்டுச் சொல்லியிருக்கேன். எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க.”

“பொம்பளைங்ககிட்டச் சொல்லிட்டேன் மிஸ்,” என்றாள் ரத்தினம்மா. “கொஞ்சப் பேர் அழுதாங்க. கொஞ்சப் பேர் என்னைய ஏசினாங்க. நாங்க பேச வர்றோம்னு சொன்னவங்களும் இருக்காங்க.”

“பேரை மாத்தித்தான் எழுதுவேன். யாருன்னு தெரியாது.”

“ஏன் மாத்தணும்? நான் என்ன களவு செஞ்சேனா?” ரத்தினம்மாவின் குரல் உயர்ந்தது. “மலடின்னு ஏசுறப்ப யாரும் பேரை மாத்தி ஏசலியே. பேர் போட்டே எழுதுங்க.”

“அச்சுல வந்தா பிறகு அழிக்க ஏலாது ரத்தினம்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சாச்சு.”

பவளம் தன் வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் நீளமான கட்டுரை. பெரியதம்பி அதை இரண்டு தடவை படித்தார். மறுநாள் கூப்பிட்டார், குரலில் கோபம் இல்லை.

“நல்லா எழுதியிருக்கிறீர் தங்கச்சி. ஆனா டொக்டற்றை பேர் போடேலாது. ஆஸ்பத்திரியின்ரை பேரும் ஏலாது. வழக்குப் போட்டாங்களெண்டால் சாட்சி சொல்ல ஆர் இருக்கினம்? அந்த நேர்ஸ் வருவாவோ? நாடு கிடக்கிற கிடையிலை, தமிழ்ப் பேப்பர் சிங்கள டொக்டரைப் பிழை சொல்லுதெண்டு கந்தோரைப் பூட்டிப் போடுவாங்கள்.”

“அப்ப யார் பேர்தான் வரும் சேர்?”

“அந்தப் பிள்ளையின்ரை பேர் வரும்.”

“அவ பேர் மட்டும்.”

“ஓம்,” என்றார் பெரியதம்பி. “எனக்கும் விளங்குது.”

பவளம் ரத்தினம்மாவின் பெயரை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். தோட்டத்துக்குப் போய் நிலைமையைச் சொல்லியும் பார்த்தாள். ரத்தினம்மா கேட்கவில்லை. அவங்க பேர் வராட்டியும் என் பேராவது வரட்டும், இல்லைன்னா இது யாருக்கோ நடந்த கதையாப் போயிரும் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரை பாதியாகக் குறுகி வந்தது. தலைப்பையும் மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் ரவைக் கேசரி.

பாதியாக வந்தாலும் அது சும்மா இருக்கவில்லை. ஒரு சிங்களப் பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. பாராளுமன்றத்தில் யாரோ கேள்வி கேட்டார்கள். விசாரணை வைக்கிறோம் என்று அறிவித்து, பெண்களைக் கண்டிக்கு வரச் சொன்னார்கள். பவளம் சாட்சி கேட்டு மடவளைக்கு ஓடினாள். சித்தி றலியா வெகுநேரம் யோசித்து, “வாறன் மகள். ஒரு ஆள் உண்மையச் செல்லத்தானே வேணும்,” என்றார்.

விசாரணை நாளன்று பெண்கள் விடியற்காலை பஸ் ஏறி வந்து, காரியாலய விறாந்தையில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பத்திரிகைக்காரர் உள்ளே வரக் கூடாது என்று பவளத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியே அவளுக்குக் கேட்டது. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த கிளாக்கர், ரத்தினம்மா மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் ஒரே வரியில் சுருக்கினார்.

“பிள்ளை வேணும் என்கிறாள்.”

“சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறாளே. விருப்பமில்லாமலா வைத்தாள்?”

“வலியில கிடந்தேங்க. கையைப் பிடிச்சு அமுக்கினாங்க. புள்ளைய எடுக்கிறதுக்குன்னு நெனச்சேன்.”

“வைத்ததை ஒத்துக்கொள்கிறாள்,” என்றார் கிளாக்கர்.

“அப்படி அவ சொல்லல!” என்று பவளம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து சிங்களத்தில் கத்தினாள். பியோன் வந்து அவளைக் கேற்றுக்கு வெளியே கொண்டுபோய் விட்டான்.

அங்கேயே நின்று, மடவளைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். வெள்ளை முக்காடு தெரிகிற போதெல்லாம் பஸ்ஸின் வாசலடிக்கு நடந்தாள். சித்தி றலியா வரவில்லை. பின்னேரம் பெண்கள் வெளியே வந்து நேராகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். சம்மதத்தோடுதான் செய்யப்பட்டது என்று முடிவு சில மாதம் கழித்து வந்தது. அந்த டொக்டர் அதற்குள் ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகனோடு இருந்தார்.

சித்தி றலியா ஏன் வரவில்லை என்று பவளம் போய்க் கேட்கவில்லை. அவருடைய மருமகள் அந்த ஆஸ்பத்திரியிலேயே தாதி என்பது அவளுக்குத் தெரியும். வெறுக்கப் பார்த்தாள், முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

தோட்டத்தில் வீரையாவின் தாய் மூக்காயிக்கு இப்போது ஏசுவதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். இனி இவளுக்குப் பிறக்காது என்று பேப்பர்க்காரியே எழுதிவிட்டாளே, என் மகன் வம்சம் அற்றுப் போவதா என்று அண்ணன் மகளைக் கேட்டுப் போனாள். வீரையா முதலில் முடியாது என்று சத்தம் போட்டான். பிறகு சத்தம் குறைந்தது. பிறகு ஒரு நாள் கல்யாணத்துக்கு வேட்டியை வெளுக்கப் போட்டான். அவர்கள் இருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவின் நடுவே ஒரு சாக்குத் திரை தொங்கியது.

ரத்தினம்மா அந்தத் திரைக்குப் பின்னால் அதிக நாள் இருக்கவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜன்சியில் பெயர் கொடுத்தாள். கொழும்புக்குப் போகிற அன்று கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பவளம் அவளைச் சந்தித்தாள். ஒரு புதுப் பை, புதுச் செருப்பு. வெளிநாட்டுக்குப் போனவர்களைப் பற்றிப் பெண்கள் பக்கத்தில் தான் எழுதியதெல்லாம் பவளத்துக்கு நினைவில் வந்து நின்றது.

“நான் உங்ககிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம் ரத்தினம்மா.”

“கொஞ்ச நாள் உங்க மேல கோவமாத்தான் இருந்திச்சு மிஸ். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.” சனம் ஏறுகிற இரைச்சலுக்கு மேலாக அவள் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. “ஆனா அத்தன வருசமும் என் உடம்பைத்தான் ஏசிக்கிட்டிருந்தேன். என்ன பாவம் செஞ்சியோன்னு அதுக்குச் சோறு போடாம விரதம் இருந்தேன். இப்ப அதைய ஏசுறதில்ல. அவ்வளவுதான்.”

பஸ் புறப்பட்டது. ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காததால் அவள் முகம் தெரியவில்லை.

அந்த வருஷ முடிவில் பெண்கள் பக்கம் பவளத்திடமிருந்து போய்விட்டது. விளம்பரம் கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பெரியதம்பி சொன்னார். அவரே அடுத்த சித்திரைக்குப் பிறகு வேலையில் இல்லை. கண்டி மாவட்டச் செய்தி மட்டும் அனுப்பினால் போதும் என்று புது ஆசிரியர் சொன்னார். பவளம் வாகன விபத்தும் கோயில் திருவிழாவும் எழுதினாள். இடையிடையே, ஒரு சிறு சஞ்சிகைக்கு, தோட்டத்துப் பெண்களைப் பற்றியும் எழுதினாள். அது எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கருமலையில் பிள்ளைக் காம்பராவை மூடி, உரமூட்டை அடுக்கினார்கள். ரத்தினம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பிறகு ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் சித்தி றலியா வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு கட்டுக்கலைக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லும்வரை வாசலிலேயே நின்றார்.

“அண்டைக்கு வரல்ல மகள். புறப்பட்டுத்தான் ஈந்தன். மகன் வாசல்ல குறுக்க நிண்டுட்டான்,” என்றார். பவளம் கதிரையை நகர்த்திப் போட்டாள்.

“ஒரு விசயம் செல்லத்தான் வந்த. என்ட மருமகள் அங்க லேபர் வார்ட்டுல ஈக்கா. உங்கட கட்டுரைய அவ வாசிச்ச. என்னட்டக் கேட்டா, நான் எல்லாத்தையும் செல்லிட்டன். இப்ப தமிழ்ப் பொம்புளை ஆரு வந்தாலும், தியேட்டருக்குப் போக முந்தி அவ கிட்டப் போயி, இந்தக் கைநாட்டு இன்னதுக்குத்தான், விருப்பமில்லாட்டி வேணாமெண்டு செல்லுங்க எண்டு தமிழ்ல செல்ற. ஆரும் செய்யச் செல்லல்ல. அவளாத்தான் செய்ற. போன மாசம் புள்ளை பெத்த ஒரு பொம்புளை, கட்ட வேணாமெண்டு செல்லி, அப்பிடியே எழும்பி வந்திருக்கா.”

பவளத்தின் கை தன்னை அறியாமல் மேசையில் கிடந்த பேனையைத் தேடியது. சித்தி றலியா அதைக் கண்டுவிட்டார்.

“எழுதிராதீங்க மகள். எழுதினா அவளத் தூக்கி வேற எங்கயும் போட்டுடுவாங்க. பிறகு செல்றதுக்கு ஆளில்ல.”

பவளம் அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எழுதியதால் நடந்த நல்ல காரியம் என்று காட்ட அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அச்சில் போட ஏலாது. ரத்தினம்மாவிடம் சொல்லலாமென்றால், அவள் எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்றும் தெரியாது.

“சரி மிஸ்ஸி, எழுதல,” என்றாள்.

எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். குசினியில் நின்றபடி, “அந்தப் பொம்பளைக்கு என்ன குழந்தை?” என்று கேட்டாள்.

“பொம்புளப் புள்ளை,” என்றார் சித்தி றலியா முன்னறையிலிருந்து.